தீப்பெட்டி கண்டெய்னரும் ஃபெரி எண்ணும்: ஒன்பது வருட அனுபவம்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஏற்றுமதி நிறுவனத்தில் ஒன்பது வருடமாக டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். எங்கள் சரக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகிறது. லோமே (டோகோ), கொட்டோனு (பெனின்), டுவாலா (கேமரூன்), மட்டாடி (காங்கோ ஜனநாயகக் குடியரசு) என்று தூத்துக்குடியில் ஃபீடர் என்ற சிறு கப்பலில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறிப் போகும். இந்தத் துறைமுகங்களுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பத்திரம்) மட்டும் போதாது. சரக்குக் கண்காணிப்புச் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். இதை வாங்குவது பற்றித் தமிழில் விவரமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்தச் சான்றிதழுக்கு ஆங்கிலத்தில் இ.சி.டி.என்., பிரெஞ்சு பேசும் நாடுகளில் பி.இ.எஸ்.சி., காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஃபெரி. பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். யார் அனுப்புகிறார், யார் வாங்குகிறார், என்ன சரக்கு, எவ்வளவு எடை, என்ன மதிப்பு, கப்பல் வாடகை எவ்வளவு என்பதைச் சரக்கு போய்ச் சேரும் முன்பே அந்த நாட்டு அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். கேமரூனில் அந்த அமைப்பு சி.என்.சி.சி., காங்கோவில் ஒஜெஃப்ரெம். பதிவில்லாமல் போன சரக்குக்கு அங்கே அபராதம் போடுவார்கள்.

என் முதல் மட்டாடி கண்டெய்னரை மறக்கவே முடியாது. எங்கள் ஃபார்வர்டர் (கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஏஜெண்ட்), "அதெல்லாம் பையர் பார்த்துக்கொள்வார்" என்றார். பையரோ நாங்கள் எடுத்திருப்போம் என்று நினைத்திருந்தார். கண்டெய்னர் யார்டுக்குள் போன பிறகு லைன், அதாவது கப்பல் கம்பெனி, ஃபெரி எண் கேட்டது. எண் இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தீப்பெட்டி 4.1 வகை (எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்) ஆபத்துச் சரக்கு. யார்டில் கூடுதலாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வயிற்றைக் கலக்கும். அந்த ஃபீடர் போய்விட்டது. அடுத்ததில் ஏற்ற ஒரு வாரம் ஆனது, யார்டு வாடகை எங்கள் தலையில். அன்றிலிருந்து ப்ரோஃபார்மா இன்வாய்ஸிலேயே, சான்றிதழை யார் எடுப்பது, யார் பணம் கட்டுவது என்று ஒரு வரி எழுதாமல் நான் அனுப்புவதில்லை.

சான்றிதழை மூன்று வழியிலும் எடுத்துப் பார்த்துவிட்டேன். பையரை எடுக்கச் சொன்னால் நமக்குச் செலவில்லை, ஆனால் எண் எப்போது வரும் என்று காத்துக் கிடக்க வேண்டும். ஃபார்வர்டர் மூலம் எடுத்தால் வேலை குறைவு, ரூபாயில் பில் வந்துவிடும். ஆனால் தப்பு எங்கே நடந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. மூன்றாவது, அங்கீகரிக்கப்பட்ட ஏஜெண்டின் தளத்தில் நாமே கணக்கு திறந்து எடுப்பது. யூரோவில் பணம் கட்ட வேண்டும், பேங்கில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம், ஆடிட்டரிடம் ஒரு நடை என்று முதல் இரண்டு தடவை அலைச்சல்தான். அப்புறம் பழகிவிடும். நான் ஆறு வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன், இதையே சிபாரிசு செய்வேன். ஒன்று மட்டும்: ஏஜெண்ட் உண்மையிலேயே அங்கீகாரம் பெற்றவரா என்று அந்த நாட்டு அமைப்பின் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று போகாதீர்கள்.

பி.எல். ட்ராஃப்ட், இன்வாய்ஸ், கப்பல் வாடகை பில், ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸில் போடும் ஏற்றுமதிப் பத்திரம்) இவற்றை ஏஜெண்டின் தளத்தில் ஏற்ற வேண்டும். ஏஜெண்ட் ஒரு ட்ராஃப்ட் அனுப்புவார். நாம் சரி என்றால் பணம் கட்டி, உறுதியான சான்றிதழ் எண்ணோடு வரும். ஃபைனல் பி.எல். வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். லைன் பி.எல். ட்ராஃப்ட் கொடுத்த அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

ட்ராஃப்டைச் சரிபார்ப்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் நான் ட்ராஃப்டை வாய்விட்டுப் படிப்பேன், பக்கத்து மேஜைத் தங்கச்சி பி.எல்.லில் விரல் வைத்துக்கொண்டே வருவாள். ஒரு முறை எடை 11,690 கிலோ என்று படித்தேன். "அண்ணே, இங்கே 9,460 இருக்கு" என்றாள். நடுவில் 2,230 கிலோ. இருபதடி காலிப் பெட்டியின் எடை அது! வி.ஜி.எம். சீட்டில் (காலிப் பெட்டியும் சரக்கும் சேர்ந்த எடைச் சீட்டு) இருந்த எடையை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சரக்கின் கிராஸ் எடைதான் (பேக்கிங்கோடு சேர்ந்த சரக்கு எடை) வர வேண்டும். அப்படியே விட்டிருந்தால் பி.எல். ஒன்று சொல்லும், சான்றிதழ் வேறொன்று சொல்லும், பையர் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்த தலைவலி கப்பல் வாடகை. எஃப்.ஓ.பி. வியாபாரத்தில் வாடகை கட்டுவது பையர், தொகை நம் கையில் இருக்காது. பி.எல்.லில் "ஃப்ரெய்ட் கலெக்ட்" (வாடகை போய்ச் சேரும் இடத்தில் வசூல்) என்று மட்டும் இருக்கும். சான்றிதழுக்கோ தொகை வேண்டும். புக்கிங் போட்ட அன்றே ஃபார்வர்டரிடம் வாடகை பில்லைக் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். அதேபோல பையரின் வரி எண், டுவாலா என்றால் என்.ஐ.யு., கொட்டோனு என்றால் ஐ.எஃப்.யு. ஆர்டர் உறுதியாகும்போதே கேட்டால் உடனே வரும். கப்பல் கிளம்பும் வாரத்தில் கேட்டால் பையர் போனையே எடுக்க மாட்டார்.

லோமேயில் இறங்கினாலும் சரக்கு புர்கினா ஃபாசோவுக்குப் போகிறது என்றால் புர்கினாவின் சான்றிதழ் வேண்டும். கடலில்லாத நாட்டுக்கு அனுப்பும்போது இறங்கும் துறைமுகத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. கப்பல் மாறினாலோ கண்டெய்னர் ரோல்ஓவர் ஆனாலோ (அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போனாலோ) உடனே ஏஜெண்டுக்குச் சொல்லித் திருத்தம் கேளுங்கள். திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நமக்கு மதியம் ஒன்றரை ஆனால்தான் கின்ஷாசாவில் காலை ஒன்பது, லோமேயில் ஒன்பதாக இரண்டரை. வெள்ளிக்கிழமை மாலை அனுப்பியதற்குத் திங்கள் மதியம்தான் பதில். கட்-ஆஃப் (கப்பலுக்கு ஒப்படைக்கும் கடைசி நாள்) திங்கள் என்றால் புதன்கிழமையே அனுப்பிவிடுவேன்.

இப்போது டுவாலாவுக்கு ஒரு கண்டெய்னர் தயாராகிறது. பையரின் என்.ஐ.யு. எண் நேற்று வந்துவிட்டது. ஷிப்பிங் பில்லை நாளைக் காலை போடுவதாக சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் ஏஜெண்ட்) அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அது கைக்கு வந்ததும் ஏஜெண்டுக்கு எல்லாவற்றையும் ஏற்றிவிடுவேன்.