டவுன்றிகர் குண்டு வார்க்க ஈயம் வாங்குகிறவர்கள் கவனம்

ரொறன்ரோ, ஸ்காபரோ, பிக்கறிங் பக்கம் சல்மன் பிடிக்கப் போகிற நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டிலேயே டவுன்றிகர் குண்டு (தூண்டிலை ஆழத்துக்கு இறக்கக் கட்டுகிற ஈயக் குண்டு) வார்க்க அச்சு, சுத்தமான மென் ஈயம், மேலே பூட்டுகிற வளைய போல்ட், எல்லாம் சேர்த்து 200 டொலர். நான் வாங்கினேன். காசு போனது ஒரு பக்கம். உருகிய ஈயம் முகத்துக்கு நேரே தெறித்தது இன்னொரு பக்கம். வாங்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த மீன்பிடிக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம். சினூக் சல்மன் ஒன்ராறியோ ஏரிக்குச் சொந்தமான மீன் இல்லை, பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டது. குளிர்ந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும், 10 முதல் 13 பாகை வரை. ஆடி ஆவணியில் மேல் தண்ணீர் சூடாகிவிட, மீன் கீழே இறங்கிவிடும். அறுபது, நூறு அடி ஆழத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோக வேண்டும், படகும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் டவுன்றிகர். கம்பியில் 10 அல்லது 12 இறாத்தல் குண்டைக் கட்டி இறக்குவது, தூண்டில் நூலை ஒரு கிளிப்பில் மாட்டி அதோடு அனுப்புவது. மீன் கடித்ததும் நூல் கிளிப்பிலிருந்து கழன்றுவிடும், குண்டு கம்பியிலேயே தொங்கும். அடியில் பாறையில் கொழுவினால் குண்டு போய்விடும். கடையில் வாங்கினால் ஒவ்வொன்றும் கையைச் சுடுகிற விலை. அதனால்தான் ஆக்கள் வீட்டில் வார்க்கிறார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை.

விற்றவர் எங்கள் ஆள்தான். பெயர் சொல்லப் போவதில்லை. "தம்பி, நான் கனகாலமா ஊத்துறன், ஈயத்தில விளையாட மாட்டன்" என்றார். கட்டிகள் மஃபின் தட்டில் ஊற்றியவை, பார்க்க அழகாக ஒரே அளவில் இருந்தன. அவர் வீட்டிலேயே தராசில் வைத்துக் காட்டினார். 60 இறாத்தல், இறாத்தலுக்கு இரண்டு டொலர். நிறை துல்லியமாகச் சரி. ஏமாற்று இருந்தது நிறையில் இல்லை, உலோகத்தில்.

வார்ப்புப் பட்டறை ஒன்றில் வேலை செய்த நண்பர் ஒருவரையும் கூப்பிட்டு, வீட்டுக்குப் பின்புறத்தில், திறந்த வெளியில், வான்கோழி பொரிக்கிற புரொப்பேன் அடுப்பில் பழைய இரும்புச் சட்டியை வைத்து உருக்கினோம். ஈயம் 327 பாகையில் உருகும். வெப்பமானி 370ஐத் தொட்ட பிறகும் சில கட்டிகள் உருகாமல் ஈயத்துக்கு மேலே மிதந்துகொண்டிருந்தன. விற்றவருக்கு அழைத்துக் கேட்டேன். "சூடு காணாது தம்பி, நல்லாக் கூட்டி விடுங்கோ, எல்லாம் கரையும்" என்றார்.

இந்த ஒரு வசனத்துக்காகவே இந்தப் பதிவை எழுதலாம். மிதந்தவை துத்தநாகம். அது 419 பாகைக்கு மேல்தான் உருகும், ஈயத்தை விட நிறை குறைவு, அதனால் மிதக்கும். கார்ச் சில்லுக்கு அடிக்கிற எடைக்கட்டிகள் முன்பு பெரும்பாலும் ஈயமாக இருந்தன. இப்போது துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. அவற்றைத் தரம் பிரிக்காமல் அள்ளிப் போட்டு உருக்கினால் இதுதான் நடக்கும். அவர் சொன்னபடி சூட்டைக் கூட்டினால் துத்தநாகம் ஈயத்துக்குள் கலந்துவிடும். கலந்தால் பிரிப்பது பெரும்பாடு. உருகியது களி மாதிரித் தடித்து, அச்சின் மூலைக்குப் போகாமல் நின்றுவிடும். ஈயத்தைத் தேவைக்கு மேல் சூடாக்கச் சூடாக்க அதன் ஆவியும் கூடும், அதைச் சுவாசிப்பது நாங்கள்தான். நண்பர் "கூட்டாதே, அள்ளி வெளியே போடு" என்று சொன்னதால் மிதந்ததை அகப்பையால் எடுத்தோம்.

அப்புறம்தான் பெரிய விசயம். மிச்சக் கட்டிகளைச் சட்டி விளிம்பில் வைத்துச் சூடேற்றி, ஈரம் போக விட்டு, ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினோம். அப்படியிருந்தும் ஒன்று உள்ளே போனதும் 'டப்' என்று வெடித்தது. உருகிய ஈயம் மேலே கிளம்பி எங்கள் இருவர் மீதும் கொட்டியது. முகம் முழுக்க மறைக்கிற பிளாஸ்டிக் கவசமும், தோல் கையுறையும், நீளக் காற்சட்டையும் போட்டிருந்ததால் தப்பினோம். கவசத்தில் ஈயத் துளிகள் ஒட்டியபடியே உறைந்து கிடந்தன, ஒரு துளி சரியாக இடது கண்ணுக்கு நேரே.

காரணம் பிறகு தெரிந்தது. மிச்சமிருந்த கட்டிகளில் இரண்டை வாளால் அறுத்துப் பார்த்தோம். உள்ளே மூடிய பொந்து, அதற்குள் வெள்ளைப் பூஞ்சணம் போல ஒரு தூள், தொட்டால் ஈரம். வெளியில் மழையிலும் பனியிலும் கிடந்த கட்டிகளின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதற்கு மேல் மெல்லிதாக ஈயம் பூசி, பளபளவென்று மினுக்கி விற்றிருக்கிறார். தண்ணீர் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு மாட்டினாலே போதும். மேலோட்டமாகச் சூடாக்கினால் பொந்துக்குள் இருக்கிற ஈரம் போகாது. எங்களிடம் "கராஜுக்குள்ள வைச்சது, ஒரு சொட்டுத் தண்ணி படேல்ல" என்று சொல்லித்தான் விற்றார்.

அச்சு மட்டும் குறை சொல்ல முடியாதது. அலுமினியம், இரண்டு பாதியும் ஒழுங்காகப் பொருந்துகிறது. வேறு நல்ல ஈயத்தில் அதையே இப்போதும் பாவிக்கிறேன். வளைய போல்ட்டுகள் அப்படியல்ல. வளையத்தின் நுனி உருக்கி ஒட்டாமல் திறந்தபடி, கீழே நட்டோ வளைவோ இல்லாமல் நேரான கம்பி. ஈயம் அதைப் பிடிக்க ஒன்றும் இல்லை. முதலில் தேறிய ஈயத்தில் வார்த்த குண்டை நண்பரின் படகில் ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க்கிலிருந்து கொண்டுபோய் இறக்கினோம். அடியில் கொழுவியதும் வளையம் விரிந்து குண்டு போனது, கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பி 150 இறாத்தல் தாங்குகிறது. வளையம் அதில் பாதி கூடத் தாங்கவில்லை. துருப்பிடிக்காத எஃகில், வளையம் மூடியதாக, கீழ்முனையில் நட்டும் வாஷரும் போட்டு வார்க்க வேண்டும், அப்போதுதான் ஈயத்துக்குள் பூட்டி நிற்கும்.

காசைத் திருப்பிக் கேட்டபோது "உருக்கின சாமான் திருப்பி எடுக்க ஏலாது" என்றார். உருக்காத கட்டிகளைக் கொண்டு வருகிறேன் என்றேன். அன்றிலிருந்து பதில் இல்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

இனி யாரிடம் வாங்கினாலும் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஒரே தட்டில் ஊற்றிய கட்டிகளைத் தனித்தனியாக நிறுங்கள். என்னிடம் வந்தவற்றில் சில இரண்டரை இறாத்தல், அதே அளவுள்ள சில ஒன்றரைக்குச் சற்று மேல். அப்படி விழுந்தால் அந்த இலகுவானது ஈயமில்லை. பொந்துள்ள ஈயமும் நிறை குறையும், ஆனால் அவ்வளவு குறையாது. எதையும் முழுதாகச் சட்டியில் போடாமல் அறுத்துப் பாருங்கள். நகத்தால் கீறினால் மென் ஈயத்தில் தடம் விழும், துத்தநாகத்தில் விழாது. சீமெந்துத் தரையில் போட்டால் ஈயம் 'தொம்' என்று அமுங்கும், துத்தநாகம் கணீர் என்று பேசும். சந்தேகம் தீராவிட்டால் கண்ணாடியும் கையுறையும் போட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், துத்தநாகம் நுரைக்கும், ஈயம் சும்மா இருக்கும்.

வார்த்து முடித்த குண்டை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கும்போது தண்ணீர் நிரம்பிய வாளி ஒன்று போதும். 10 இறாத்தல் ஈயக்குண்டு கிட்டத்தட்ட 400 மில்லிலீற்றர் தண்ணீரை வெளியே தள்ளும். துத்தநாகமென்றால் 635 வரை போகும். நிறை ஒன்றுதானே என்று விடாதீர்கள். பெரிய குண்டைத் தண்ணீர் அதிகமாகப் பின்னுக்குத் தள்ளும், அது படகுக்கு நேர்கீழே நிற்காமல் சாய்ந்து போகும். கம்பி எத்தனை அடி இறங்கியது என்று எண்ணுகிற கருவி எண்பது அடி என்று காட்டும், தூண்டில் அதைவிட மேலே நிற்கும். மேலே தடித்த இறப்பர் பூச்சு இருந்தால் இன்னும் கவனம், பூச்சுக்குள் எதையும் மறைக்கலாம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் உருக்குகிற உடுப்பைத் தனியாகத் துவையுங்கள், சட்டியையோ அகப்பையையோ குசினிக்குள் கொண்டுபோக வேண்டாம். மேலே படிகிற கசடும் தூசும்தான் கையோடு சாப்பாட்டுக்குப் போவது. பழைய கார் பற்றரியை உடைத்து ஈயம் எடுக்கிற யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

என்னிடம் மிஞ்சிய துத்தநாகக் கட்டிகளை ஸ்கிராப் யார்டில் கொடுத்துவிட்டேன். கிடைத்தது சில டொலர்தான். அந்த விளம்பரம் அதே படத்தோடு போன வாரம் மறுபடியும் ஏறியிருக்கிறது. இந்த முறை விலை 180 டொலர். போகிறவர்கள் தராசோடு ஒரு இரும்பறுக்கும் வாளையும் கொண்டு போங்கள். அறுக்க விடாவிட்டால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.