சான்-வேரானா, போன்வாலா?

பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஒரே ஒரு மலைக்கிராமம் பார்க்கத்தான் நேரம் என்றால், என் தேர்வு இந்த இரண்டுக்குள்தான்.

கேராஸ் பகுதியின் சான்-வேரான் ஏறத்தாழ 2,040 மீட்டர் உயரத்தில், வெயில் நன்றாக விழும் சரிவில் இருக்கிறது. வீடுகளின் அடிப்பகுதி கல். மேலே லார்ச் மரக்கட்டைகளின் அடுக்கு. சுவர்களில் சூரியக் கடிகாரங்கள். தீ தாவாமலிருக்கக் குடியிருப்புகளுக்கிடையே வெற்றிடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். 1343-இல் டோஃபினே என்ற ஆல்ப்ஸ் பகுதியின் ஆட்சியாளரிடம் பணம் கொடுத்துத் தன்னாட்சி உரிமைகளைப் பெற்ற மலைச் சமூகங்களில் கேராஸும் ஒன்று. மன்னராட்சிக் காலத்தில் எளிய மலைவாசிகள் சாதித்தது இது!

போன்வால்-சூர்-ஆர்க் சுமார் 1,800 மீட்டர். ஆல்ப்ஸின் சவாய்ப் பகுதி மண்ணான இது 1860-இல்தான் நிலையாகப் பிரான்ஸுடன் சேர்ந்தது. இங்கே மரம் அரிது. அதனால் கற்சுவர், கனத்த கற்பலகைக் கூரை. அந்நாளில் குளிர்காலத்தில் எரிக்க, வெட்டிக் காயவைத்த சாணம். 1957 வெள்ளம் ஊரையே காலிசெய்யும் நிலைக்குத் தள்ளியது, மக்கள் விட்டுப்போகவில்லை. பழைய தெருக்களில் மின்கம்பி கண்ணில் படாது.

கட்டடக்கலைக்குச் சான்-வேரான். ஆனால் மனிதர்களின் பிடிவாதத்துக்காக நான் போன்வாலையே சொல்வேன். இசரான் கணவாய் வழியாக வருவதானால் கோடையில் வாருங்கள். குளிர்காலத்தில் அந்தச் சாலை மூடப்படும்.