ஏர் ரைஃபிளுக்கு வீட்ல என்ன டூல்ஸ் வேணும்? குன்னூர்ல இருந்து ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், ஆன்லைன்ல கறுப்பு பெட்டில போட்டு விக்கிற அந்த பெரிய கன்ஸ்மித் கிட்டு, அதாவது துப்பாக்கி ரிப்பேர் சாமான் செட்டு, நமக்கு வேண்டாம். பாப்பா 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடறான்னு என் மச்சான் பாசத்துல வாங்கி அனுப்பி விட்டாப்ல. கம்பெனி பேர் சொல்லல, சொன்னாலும் பிரயோஜனம் இல்ல, அதே பெட்டி வேற வேற பேர்ல விக்குது. பிரிச்சு பாத்தா முக்கால்வாசி சாமான் ஏஆர்-15 ரைஃபிள், கிளாக் பிஸ்டல் மாதிரி அமெரிக்காவுல ஜாஸ்தி வெச்சிருக்க ஐட்டத்துக்கு, இங்க அதெல்லாம் யார்கிட்டங்க இருக்கு. பித்தளை பிரஷ் சைஸ் சைஸா அடுக்கி வெச்சிருக்கான், நம்ம ரைஃபிளோட 4.5 எம்எம் சைஸ் மட்டும் காணோம். ஸ்க்ரூ டிரைவர் பிட்டு இரும்பு சாஃப்ட்டு, கொஞ்சம் இறுகின ஸ்க்ரூவுல வெச்சு அழுத்துனதும் முனை முறுக்கிக்கிச்சு. பெட்டி மட்டும் நல்லா இருக்கு, இப்ப அதுல ஊசி நூல் இருக்கு.

இன்னொன்னு, இங்க எஸ்டேட் வீடுகள்ல பழைய லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கவங்க கொஞ்ச பேர் இருக்காங்க, அவங்களுக்கு இந்த ரிவ்யூ இல்ல. தொடச்சு எண்ணெய் போடறதோட நிறுத்திக்கங்க. ரிப்பேர், பார்ட்ஸ் மாத்தறதெல்லாம் லைசென்ஸ் இருக்க டீலர் வேலை, 1959 ஆயுதச் சட்டம் 5வது பிரிவுல ரிப்பேரும் சேத்தி தான். நான் பேசறது .177 போர் (அதே 4.5 எம்எம் தான்), 20 ஜூல் சக்திக்கு உள்ள இருக்க ஏர் ரைஃபிள், 2016 ஆயுத ரூல்ஸ்படி அதுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதுக்காக கார் டிக்கில போட்டுக்கிட்டு முதுமலைக்குள்ள போயிடாதீங்க, சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம எந்த ஆயுதமும் கொண்டு போகக்கூடாது.

சரி விஷயத்துக்கு வரேன். நிஜமா காசு போட வேண்டியது ஸ்க்ரூ டிரைவருக்கு தான். நம்ம ஹார்டுவேர் கடைல கிடைக்கிற பட்டை டிரைவர் முனை ஆப்பு மாதிரி சரிஞ்சு இருக்கும், ஸ்க்ரூ காடிக்குள்ள வெச்சு திருப்புனா அது மேல ஏறி வழுக்கி காடியோட ரெண்டு ஓரத்தையும் பிசிறு தட்டிடும், பழைய ஸ்ப்ரிங் துப்பாக்கி எதை எடுத்தாலும் ஸ்டாக் (தோள்ல வெக்கிற கட்டை) ஸ்க்ரூ கடிச்சு துப்புன மாதிரி இருக்கறதுக்கு காரணம் இதான். துப்பாக்கி வேலைக்கு முனை ரெண்டு பக்கமும் இணையா இருக்கணும், ஹாலோ கிரவுண்டுனு கேட்டா குடுப்பாங்க, ஆனா வெளிநாட்டு விலை.

நான் பண்ணது வேற. அரவங்காடு கார்டைட் ஃபேக்டரில ரிட்டையர் ஆன ஒரு அண்ணா வீட்டுக்கு பின்னாடி சின்ன பட்டறை வெச்சிருக்காரு, டாபாரியா டிரைவர் ரெண்டு சைஸ் வாங்கிட்டு ரைஃபிளோட அவர்கிட்ட போனேன். கிரைண்டர் வீல் வளைவுலயே முனைய ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி லேசா தொட்டு தொட்டு எடுத்தாரு, ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இருக்க தண்ணி மக்குல முக்கி எடுக்கறாரு. முனை நீலமா மாறிடுச்சுன்னா டெம்பர் போச்சு தம்பி, அப்புறம் அது டிரைவர் இல்ல, வெறும் கம்பினாரு. கடைசில காடிக்குள்ள நிறுத்தி ஜன்னல் பக்கம் பிடிச்சு காட்டுனாரு, ரெண்டு பக்கமும் வெளிச்சம் தெரியல, கைய விட்டும் டிரைவர் சாயாம நின்னுச்சு. அவருக்கு குடுத்த காச சேத்தாலும் அந்த கிட்டுல பத்துல ஒரு பங்கு ஆகல. அஞ்சுக்கு அஞ்சு அண்ணாவுக்கு தான்.

போட்டில சுடற புது மேட்ச் ரைஃபிள்ல பட்டை ஸ்க்ரூவே கம்மி, எல்லாம் ஆறு மூலை ஆலன் கீ, சிலதுல நட்சத்திர வடிவ டார்க்ஸ். இதுல லோக்கல் வேண்டவே வேண்டாம், மூலை மழுங்குன கீ ஒரு நாள் ஸ்க்ரூவ சேத்து உருட்டிடும், அப்புறம் எடுக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். விஹா இல்ல வெரா கம்பெனில ஒரு மெட்ரிக் செட் வாங்கிட்டா போதும். மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு இஞ்ச் கீ போட்டா நுழையற மாதிரி தான் இருக்கும், அங்க தான் மாட்டிக்குவோம்.

அடுத்து டார்க் ரெஞ்ச், ஸ்க்ரூவ எவ்வளவு இறுக்கணும்னு அளவு வெச்சு திருப்பற டூல். வீலர் கம்பெனி ஃபேட் ரெஞ்ச் கோச்சிங் வர்ற இன்னொரு பையன் வீட்ல இருந்து இரவல் வாங்கி யூஸ் பண்ணேன், 10ல இருந்து 65 இஞ்ச் பவுண்டு வரைக்கும் வெக்கலாம், வெச்ச அளவு வந்ததும் டக்குனு விட்டுக்குடுத்துடும். வேலைய விட்டதும் அளவ கீழ இறக்கி வெக்கணும், உள்ள இருக்க ஸ்ப்ரிங் தளராம இருக்கும். நல்ல சாமான் தான், ஆனா எல்லாருக்கும் வேணுமான்னா இல்ல. ஸ்கோப் (குறி பாக்கற டெலஸ்கோப்) மாட்டற ரிங் ஸ்க்ரூவுக்கு பொதுவா 15ல இருந்து 18 இஞ்ச் பவுண்டு தான் சொல்றாங்க, நம்ம ஆளுங்க கை பலத்த காட்டி ஸ்கோப் குழாயவே நசுக்கிடறாங்க, ஸ்கோப் வெச்சிருந்தா வாங்குங்க. மேட்ச் ரைஃபிள்ல ஸ்கோப் கிடையாது, ஆனா 10 மீட்டர் டார்கெட்ல 10 பாயிண்ட் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், ஸ்டாக் ஸ்க்ரூ ஒரு தடவை லூசா ஒரு தடவை டைட்டா இருந்தா குண்டு விழற இடம் நகர்ந்துடும், அதனால சீரியஸா சுடற பிள்ளைங்களுக்கும் வேணும். நாலு வீடு சேந்து ஒண்ணு வாங்குனா போதும்.

வீட்ல தொடவே கூடாத ரெண்டு இருக்கு. ஸ்ப்ரிங் ரைஃபிள்ல உள்ள இருக்க ஸ்ப்ரிங் கழட்டும்போதும் அழுத்தத்துல தான் இருக்கும், ஸ்ப்ரிங்க அழுத்தி பிடிக்கற கம்ப்ரசர் இல்லாம, அத நிறுத்தி வெச்சிருக்க பின்ன தட்டி எடுத்தா மூஞ்சிக்கு வரும். பிசிபின்னா (காத்து அடச்ச சிலிண்டர் வெச்ச ரைஃபிள்) சிலிண்டர்ல 200 பார் காத்து, அத திறக்கறதுக்கு டூலே வாங்காதீங்க, சிலிண்டர்ல அடிச்சிருக்க தேதி முடிஞ்சா கம்பெனிக்கு அனுப்பிடுங்க. இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

கிளீனிங் சீப்பா முடிஞ்சுது. ஏர் ரைஃபிளுக்கு பித்தளை பிரஷ் வேலையே கிடையாது, உள்ள வெடிமருந்து கரி இல்ல, மெல்லிசா ஈயம் தான், ஃபெல்ட் பெல்லட் (சுத்தம் பண்ண விடற சின்ன ஃபெல்ட் துணி கட்டி) போதும். கம்பி விடறதா இருந்தா பின்பக்கம் இருந்து விடுங்க, முன்னாடி வாய்ல உரசுனா குறி கெட்டுடும். காத்த அழுத்தற கம்ப்ரஷன் சேம்பர் பக்கம் சிலிக்கான் எண்ணெய் மட்டும், தையல் மிஷின் எண்ணெய் அதுக்குள்ள போனா டீசல் இஞ்சின் மாதிரி உள்ளயே பத்திக்கும். ஊட்டில ஒருத்தர் தைலம் போட்டு தொடைக்கறேன்னு பெருமையா சொன்னாரு, யூகலிப்டஸ் தைலம் அழுக்க எடுக்கும் தான், ஆனா ஸ்டாக் வார்னிஷையும் சேத்து எடுக்கும், ரப்பர் சீலுக்கும் ஆகாது. அத கால் வலிக்கு வெச்சுக்கங்க.

நம்ம ஊர்ல டூல்ஸ விட முக்கியம் ஈரம். கீழ கோயமுத்தூர்ல இருக்கவங்க எழுதற ரிவ்யூல இது வரவே வராது. குன்னூர் கோத்தகிரி பக்கம் அக்டோபர் நவம்பர் மழைல பீரோவுக்குள்ள இருக்க செருப்பே பூஞ்சை பிடிக்குது, பேரல் என்ன பண்ணும். ரைஃபிளோட வர்ற ஸ்பாஞ்ச் வெச்ச பெட்டில மாசக்கணக்கா வெக்காதீங்க, ஸ்பாஞ்ச் ஈரத்த உறிஞ்சி இரும்பு மேல ஒத்தி வெச்சுக்கிட்டே இருக்கும், எங்க ரைஃபிள்ல ஸ்பாஞ்ச் தொட்ட இடத்துல மட்டும் வரிசையா பழுப்பு புள்ளி வந்துச்சு. குளிர்ல இருந்து ஹீட்டர் போட்ட ரூமுக்கு கொண்டு வந்தா உடனே பெட்டிய திறக்காதீங்க, வேர்த்துடும்.

சிலிக்கா ஜெல் நீலக்கலர் வாங்குங்க, ரோஸா மாறுனா ஓவன்ல காய வெச்சு திரும்ப போடலாம். அதோட இங்க எல்லா வீட்லயும் துணி பீரோவுக்கு போடறது தான், அடில ஒரு ஜீரோ வாட் பல்பு. எல்ஈடி போட்டா சூடு வராது, பழைய ஃபிலமெண்ட் பல்பு தான் வேணும், துணியும் ஸ்டாக்கும் ஒட்டாம தள்ளி இருக்கணும். மார்க்கெட்டுக்கு உள்ள இருக்க எலக்ட்ரிக்கல் கடைல அந்த பல்பு இன்னும் கிடைக்குது, மத்தியானம் சாப்பாட்டுக்கு மூடிடுவாங்க, காலைலயே போயிடுங்க.