இடுப்பு வடிவம் வைத்துப் பின்னிய இரண்டு ஸ்வெட்டர்கள்: சில மார்கழிகளுக்குப் பிறகு

காரைக்குடியில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், இருட்டோடு புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸின் ஏசி பெட்டியில் ஒருமுறை சென்னை வரை போய்விட்டு வந்து கேட்கட்டும். அந்தப் பயணங்களுக்கும், கொடைக்கானலுக்கும், வளவு (நடுமுற்றம்) திறந்து கிடக்கும் எங்கள் பழைய வீட்டின் மார்கழி விடியலுக்கும் சேர்த்து, ஒரே அளவில், ஒரே முறையில் நான் பின்னிக்கொண்ட இரண்டு ஸ்வெட்டர்களைப் பற்றியது இந்தப் பகிர்வு. ஒன்று மெரினோ கம்பளி நூல், மற்றொன்று பருத்தி நூல். இரண்டும் கழுத்திலிருந்து கீழ்நோக்கி ரேக்லான் முறையில் (கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்ந்த கோடுகளில் கையும் உடலும் சேரும் முறை) பின்னி, முன்பக்கம் பட்டன் வைத்தவை. கடையில் வாங்கும் ஸ்வெட்டர் தோளிலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் சாக்குப்பை போலத் தொங்குகிறதே என்ற எரிச்சலில்தான் இடுப்பு வடிவம் வைப்பதில் இறங்கினேன்.

வடிவம் வைப்பதன் கணக்கு எளியது. என் பின்னலில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் (ஊசியில் விழும் நூல் வளையங்கள்), 10 செ.மீ. உயரத்துக்கு 30 வரிசைகள். மார்பைவிட இடுப்பில் சுமார் 7 செ.மீ. குறைய வேண்டுமென்றால் 16 கண்ணிகளைக் குறைக்க வேண்டும். ஒரு வரிசையில் நான்கு வீதம் நான்கு வரிசைகளில் அது முடிந்துவிடும். அக்குளிலிருந்து இடுப்பு வரை 16 செ.மீ., அதாவது 48 வரிசைகள் இருப்பதால், 12 வரிசைக்கு ஒருமுறை குறைத்து வந்தால் சரிவு உறுத்தாமல் அமைகிறது. இடுப்பில் சிறிது தூரம் நேராகப் பின்னிவிட்டு, பிறகு அதே கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே கீழே இறங்க வேண்டும். முதலில் பின்னிப் பார்க்கும் சிறு மாதிரித் துண்டைத் துவைத்து, காயவைத்து, அதன் பிறகு எண்ணினால்தான் இந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு. ஊசியில் இருக்கும்போது எடுக்கும் அளவு பல சமயம் ஏமாற்றிவிடும்.

எத்தனை கண்ணி குறைக்கிறோம் என்பதைவிட எங்கே குறைக்கிறோம் என்பதே முக்கியம் என்பதுதான் இத்தனை நாள் அணிந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. வெளிநாட்டுப் பின்னல் குறிப்புகளில் பெரும்பாலும் பக்கவாட்டுக் கோட்டின் இருபுறமும் குறைக்கச் சொல்வார்கள். சேலைக்கு மேல் அணிபவர்களுக்கு முன்பக்கத்தில் கொசுவம் செருகிய தடிமன் இருப்பதால், அங்கே குறைத்தால் பட்டன்களுக்கு இடையே துணி வாய் பிளந்து நிற்கும். ஆகவே முன்பக்கத்தை நேராக விட்டுவிட்டு, ரவிக்கைக்கு டார்ட் பிடிப்பதைப் போல முதுகில் இரண்டு கோடுகளை வைத்து, அந்த 16 கண்ணிகளையும் அவற்றிலேயே குறைத்தேன். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு கண்ணி வலப்புறமும் ஒரு கண்ணி இடப்புறமும் சாயுமாறு குறைத்ததால், கோடு நேராக, வேண்டுமென்றே வைத்த அலங்காரம் போலத் தெரிகிறது. கண்டாங்கிச் சேலையைப் பின் கொசுவம் வைத்துக் கட்டும் என் அப்பத்தாவுக்கு இந்த ஏற்பாடு அப்படியே தலைகீழ். "முதுகுல பிடிக்குது, எனக்குக் கோணிப்பை மாதிரியே பின்னு" என்று சொல்லிவிட்டார்கள், அவர்களுக்குப் பக்கவாட்டில் மட்டும் லேசாகக் குறைத்ததுதான் பொருந்தியது. எதை உடுத்தி அணியப் போகிறோமோ அதை உடுத்திக்கொண்டே இடுப்பளவு எடுக்க வேண்டும் என்பது அதனால்தான்.

மார்புப் பகுதிக்கு வரிசையின் முடிவு வரை போகாமல் பாதியில் திருப்பிப் பின்னும் குறுவரிசைகளைச் சேர்த்து, முன்பக்கத்தை மட்டும் சுமார் 4 செ.மீ. நீளமாக்கினேன். ஸ்வெட்டரின் முன்விளிம்பு மேலே ஏறிக்கொள்ளும் தொல்லை இதனால் இரண்டிலும் இதுவரை இல்லை. மெலிந்தவர்களுக்கு இது தேவையில்லை.

புதிதில் இரண்டும் ஒன்றுபோலவே பொருந்தின. வேறுபாட்டைக் காலம்தான் காட்டியது. கம்பளி இழைக்கு இயல்பிலேயே சுருள் இருப்பதால், உட்கார்ந்து எழுந்து இழுபட்டாலும் துவைத்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது; மெரினோ ஸ்வெட்டரில் இடுப்பின் குறுகிய பகுதி இன்றும் என் இடுப்பில்தான் உட்காருகிறது. பருத்திக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை, எடையும் அதிகம். தன் பாரத்திலேயே நீளமாக இறங்கி, குறுகிய பகுதி மெல்ல மெல்ல இடுப்பெலும்பின் மேல் வந்து அமர்ந்துவிட்டது; அங்கேதான் உடம்புக்கு அகலம் வேண்டும் என்பதால், உட்காரும்போது துணி மேலே சுருண்டு ஏறுகிறது. கீழ்விளிம்பில் இழுபட்டுச் சுருங்கும் வரிவரியான ரிப் பின்னலும் தளர்ந்துபோனது. பருத்திக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டுமென்றால், உறுத்தாது, நம் ஊர் வெயிலுக்கும் தாங்கும், அக்குளில் கம்பளியில் வருவது போன்ற சிறு நூல் உருண்டைகளும் அதில் அவ்வளவாக வரவில்லை.

துவைப்பதில் இரண்டுக்கும் ஒரே விதிதான். குளிர்ந்த நீரில் பூந்திக்கொட்டைக் கரைசலில் ஊறவைத்து, பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, வளவுத் தாழ்வாரத்தின் ஆத்தங்குடித் தரையில் கோரைப்பாய் விரித்து, இடுப்பையும் நீளத்தையும் அளவு நாடாவால் சரிபார்த்துப் படுக்க வைத்துக் காயவிடுகிறேன். கொடியில் போட்டால் ஈரத்தின் பாரமே வடிவத்தைக் கெடுத்துவிடும். கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுருங்கித் தடித்துவிடும், அதை மீட்க வழியில்லை.

மேலிருந்து கீழே பின்னியதில் ஒரு வசதி: பருத்தி ஸ்வெட்டரைக் கீழ்விளிம்பிலிருந்து மார்புக்குக் கீழ் வரை பிரித்து, அதே நூலைக் கொண்டு மறுபடி பின்ன முடியும். இந்த முறை, இறங்கப்போகும் நீளத்தையும் கணக்கில் வைத்து, குறுகிய பகுதி புதிதில் இடுப்புக்கு 3 செ.மீ. மேலேயே நிற்குமாறு அமைக்கப்போகிறேன். ரிப் பகுதிக்கு மட்டும் ஓர் அளவு சிறிய ஊசி. மெரினோவைத் தொடப்போவதில்லை.