புது இன்சூரன்ஸ், பழைய ஸ்கேன்: கடலூரிலிருந்து ஒரு பெண்கள் நல மருத்துவரைத் தேடியபோது

வீட்டுக்காரரின் கம்பெனி இந்த ஏப்ரலில் இன்சூரன்ஸை மாற்றியது. மஞ்சக்குப்பத்தில் ஏழு வருடமாக நான் பார்த்துவந்த டாக்டரம்மாவின் நர்சிங் ஹோம் புது இன்சூரன்ஸின் மருத்துவமனைப் பட்டியலில் இல்லை. எனக்கு வயது 44. கர்ப்பப்பையில் 4 சென்டிமீட்டரைத் தொடும் ஃபைப்ராய்டு கட்டி. இப்போதைக்கு ஸ்கேனும் மாத்திரையும்தான். ஆனால் ஆபரேஷன் என்ற வார்த்தை வீட்டில் அடிக்கடி அடிபடுகிறது.

என் முன்னால் இருந்தவை மூன்று: பழைய இடம், புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி நகருக்குள் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனை. இப்போது மூன்றாவதற்குத்தான் போகிறேன், அதனால் என் பேச்சு அந்தப் பக்கமே சாயும்.

பழைய இடத்தை விட்டிருக்கவே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு சரிதான். வெளிநோயாளியாகப் போய்க் காட்டும் ஃபீஸை எங்கள் பாலிசி முன்பும் தரவில்லை, இப்போதும் தருவதில்லை. சிக்கல் அட்மிஷன் போடும்போதுதான். பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது) கேட்கலாம் என்ற ஏற்பாடு 2024 ஜனவரியில் வந்தது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டுமே! "பணத்தைக் கட்டிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்குங்கம்மா" என்றார்கள் பழைய நர்சிங் ஹோமில். அவ்வளவு பணத்தை மொத்தமாகப் புரட்ட எங்களால் ஆகாது.

மருத்துவக் கல்லூரியில் செலவு குறைவு, ரத்த வங்கி முதல் ஐசியூ வரை ஒரே வளாகத்தில். இதெல்லாம் எல்லோரும் அறிந்ததுதான். மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனையும் மனதில் வந்து போனது. ஆனால் கோரிமேடு எங்களுக்கு ஊரின் மறுகோடி. விடியலில் கிளம்பி வரிசையில் நிற்க லீவு இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது அந்தப் பழைய ஸ்கேன்கள்தான். கல்லூரி மருத்துவமனைக்கு இரண்டு தடவை போனேன், இரண்டு டாக்டர்கள். இரண்டு பேரும் மேலே இருந்த கடைசி ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தார்கள். இரண்டாமவர், "வளர்ந்துட்டே இருக்கு, எடுத்துடலாம்" என்றார்.

புதுச்சேரி டாக்டர் என் துணிக்கடைப் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். ஸ்கேன் படங்கள் சில வெளிறிப்போயிருந்தன; அந்த வழவழப்புத் தாள் அப்படித்தான், வீட்டுக்கு வந்ததும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, அளவை மட்டும் ஒரு தாளில் பென்சிலால் எழுதினார்: 2.8, 3.0, 3.1, 3.9. கடைசி எண்ணை வட்டமிட்டு, "இது மட்டும் வேற சென்டர்ல எடுத்ததா?" என்றார். ஆமாம், எங்கள் வழக்கமான சென்டர் அன்று மூடியிருந்தது. கை மாறினாலே அளவு கொஞ்சம் மாறும், வழக்கமான சென்டரிலேயே இன்னொரு ஸ்கேன் எடுத்துவிட்டுப் பேசலாம் என்றார். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 9.6 என்றதும் முகம் மாறியது. முதலில் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார்.

நான் கேட்டுத் தெரிந்துகொண்ட இன்னொன்று: பட்டியலில் இருப்பது மருத்துவமனைதான், டாக்டர் இல்லை. சில டாக்டர்கள் ஓரிடத்தில் நோயாளிகளைப் பார்ப்பார்கள், வேறிடத்தில் ஆபரேஷன் செய்வார்கள். "நீங்களேதானே செய்வீங்க, இங்கேயேதானே?" என்று நேராகக் கேட்டேன். ஆமாம் என்றார். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ரூம் வாடகை உச்சவரம்பையும் விசாரித்தேன். அதைத் தாண்டிய ரூம் எடுத்தால் வாடகை மட்டுமல்ல, மற்றச் செலவுகளிலும் விகிதப்படி பிடிப்பார்களாம்.

குறை இல்லாமல் இல்லை. ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போகும் பஸ்ஸில் அரை நாள் போய்விடும். கேஷ்லெஸ் உண்மையில் எப்படி நடக்கும் என்பதும் எனக்கு இன்னும் அனுபவமில்லை. பிரசவத்துக்குத் தேடுபவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமலும் போகலாம்.

பழைய டாக்டரம்மாவிடம் விவரம் எழுதி வாங்கப் போனேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். ஏழு வருடத்தையும் இரண்டு பக்கத்தில் எழுதித் தந்துவிட்டு, "ரத்தம் அதிகமாப் போச்சுன்னா பாண்டிக்கு பஸ் ஏறாதம்மா, நேரா இங்க வந்துடு" என்றார்.