பெயர்ப்பலகை இல்லாத மாடி மெஸ், அண்ணாமலை நகர்: ஏழு வேளை சாப்பிட்ட அனுபவம்

அண்ணன் மகளுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. விவசாயம் கிடைத்தது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, சேர்த்துவிட்டு வர நான்தான் போனேன். 2006-லிருந்து 2010 வரை அங்கேயே பொறியியல் படித்தவன், ஊர் தெரியும் என்ற தைரியம். மூன்று நாள் தங்கினோம், அதில் ஏழு வேளை ஒரே மெஸ்ஸில். பிள்ளைகளைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். முதலிலேயே மார்க் சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நாலு, கை கழுவும் இடத்துக்கு ஒன்று.

இடம் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். சிதம்பரம் ரயில் பாதைக்கு இந்தப்பக்கம் கோயில் ஊர், கிழக்கே அந்தப்பக்கம் பல்கலைக்கழக ஊர். அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி, பின்கோடே வேறு. மாரியப்பா நகர் பக்கம் ஒரு சந்தில், கீழே ஜெராக்ஸ் கடை, மேலே மெஸ். பெயர்ப்பலகை கிடையாது, நான் படித்தபோதும் கிடையாது. பசங்க மாடி மெஸ் என்பார்கள், அவ்வளவுதான். படி குறுகல், ஒருவர் இறங்கும்போது ஒருவர் ஏற முடியாது, மதியம் ஒரு மணிக்கு அந்தப் படியே ஒரு க்யூ. மேலே ஆறு மேஜை, நாலு ஃபேன், அதில் ஒன்று என் காலத்திலிருந்தே சுற்றுவதில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் கொத்சு. சிதம்பரத்தில் இட்லிக்குச் சட்னி கேட்பவர் வெளியூர்க்காரர். கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளி விட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டுக் கொதிக்கவைத்து, கடைசியில் நல்லெண்ணெய். கோயிலில் சம்பா சாதத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற அதே சாமான். இங்கே திங்கள், வியாழன் காலையில் போடுகிறார்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்க வேண்டும், கத்தரி விதை நாக்கில் படவேண்டும், ஆனால் தோல் தட்டுப்படக் கூடாது. இங்கே அப்படித்தான் இருந்தது. அண்ணன் மகள் தருமபுரிக்காரி, "என்ன சித்தப்பா இது, குழம்பா சட்னியா?" என்று கேட்டுவிட்டு நாலாவது இட்லி வாங்கினாள்.

மதியச் சாப்பாடு 80 ரூபாய். வாழையிலை, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம். சாதம் எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் போடுகிறார்கள். ரசம் மட்டும் மூன்று நாளும் வெந்நீர்தான், அதில் மிளகு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. மீன் தனி, வறுவல் ஒரு துண்டு 60. கிள்ளை, முடசலோடைப் பக்கமிருந்து ஒரு அம்மா பத்து மணிக்குக் கூடையில் கொண்டுவருகிறார், அன்று என்ன கிடைத்ததோ அதுதான். எங்களுக்கு ஒருநாள் காரப்பொடி மீன் குழம்பு வாய்த்தது, முள்ளோடு சேர்த்து மென்று முடித்தேன். இரவு தோசை, சப்பாத்தி, குருமா. குருமா சுமார். ஒன்பதரைக்கு மேல் போனால் அதுவும் இல்லை. ஞாயிறு இரவு கடை கிடையாது.

இதற்கு நடுவே ஒருநாள் மதியம் தரிசனம் முடித்துவிட்டுக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் சாப்பிட்டோம். பெயர் வேண்டாம். இலைச் சாப்பாடு 160 ரூபாய், ஏசி, நல்ல நாற்காலி, சாம்பார் காலை இட்லிக்கு ஊற்றியதன் மிச்சம். இரண்டாவது முறை சாதம் கேட்டதற்கு சர்வர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வெளியே வரும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நடராஜரைப் பார்க்க வருபவர் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மாலை வண்டியைப் பிடிப்பார், மறுபடி வந்தால் அடுத்த ஆருத்ராவுக்கு. படிக்க வருகிறவன் அதே மேஜையில் நாலு வருடம் உட்காருவான். அவனுக்கு ஒருநாள் ஊசிப்போன சாம்பாரை ஊற்றினால் மறுநாள் இருபது பேர் எதிர் மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். ரயில் பாதைக்குக் கிழக்கே பாதி விலையில் நல்ல சாப்பாடு கிடைப்பதற்குக் காரணம் யாருடைய நல்ல மனசும் கிடையாது (மெஸ் நடத்தும் அக்கா நல்லவர்தான், அது வேறு விஷயம்).

சொல்லப்போனால் இந்தப் பல்கலைக்கழகத்தின் திட்டமே மாணவர்கள் வந்து தங்கிப் படிக்க வேண்டும் என்பதுதான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார், 1929-ல் அது உறைவிடப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதற்கும் முன்னோடி உண்டு. வளாகத்தை ஒட்டியிருக்கும் திருவேட்களம் கோயிலில் சம்பந்தர் தங்கிக்கொண்டு, தினமும் தில்லைக்குப் போய் வந்தாராம். தில்லையில் படுத்து உறங்க மனம் ஒப்பவில்லையாம். அந்தப் பக்கத்தில் வெளியூர்க்காரர் அறை எடுத்துத் தங்குவது அப்போதே தொடங்கிவிட்டது என்று நாங்கள் படிக்கும்போது சொல்லிச் சிரிப்போம்.

மெஸ்ஸை இப்போது நடத்துவது அந்த அக்காதான். என் காலத்தில் அவருடைய அம்மா கல்லாவில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, ஆனால் "எந்த பேட்ச் தம்பி?" என்று கேட்ட விதத்திலேயே தினமும் யாரோ ஒருவர் இப்படிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள் என்று தெரிந்தது. மாதக் கார்டு மூன்று வேளைக்கு 3,800. எண்பது ரூபாய்க்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்று கேட்டேன், கணக்கு நோட்டையே எடுத்து வைத்துவிட்டார். அரிசி காட்டுமன்னார்கோயில் பக்கத்து மில், அதாவது வீராணத்துத் தண்ணீர். இலை கொள்ளிடக் கரை. காய் சிதம்பரம் மார்க்கெட். சமையலுக்கும் பாத்திரத்துக்கும் சிவபுரிப் பக்கமிருந்து நாலு பெண்கள், பரிமாற இரண்டு பேர். வாடகை கீழே ஜெராக்ஸ் கடைக்காரருக்கு, கட்டடம் அவருடையது. சிலிண்டரையும் எண்ணெயையும் விட்டால், தருமபுரியிலிருந்து என் அண்ணன் அனுப்பப்போகிற 3,800 ரூபாயில் பெரும்பகுதி முப்பது கிலோமீட்டரைத் தாண்டாது. பல்கலைக்கழகம் ஊருக்கு என்ன செய்தது என்று புள்ளிவிவரம் தேடுபவர்கள் அந்த நீலக்கோடு நோட்டைப் பார்க்கலாம்.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. இப்போது மாதக் கார்டு 140 பேர். அம்மா காலத்து நோட்டில் 230, 240 என்று போகிறது. ஏன் குறைந்தது என்று கேட்டால் அக்கா அரசாணை நம்பர் சொல்லாத குறைதான், அவ்வளவு விவரமாகச் சொல்கிறார். 2012-13-ல் நிதி நெருக்கடி, ஊழியர் போராட்டம். 2013-ல் தனிச் சட்டம் போட்டு அரசு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. அதன்பிறகு உபரி என்று கணக்கிட்டு ஆசிரியர்களையும் ஊழியர்களையும் பெரிய எண்ணிக்கையில் வெளிமாவட்டத்து அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். சம்பளம் நின்றுபோகாமல் காப்பாற்ற அது தேவைப்பட்டிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் வேறு ஊரில் டீ குடிக்கப் போனால், இங்கே டீக்கடைக்காரருக்கு அது உபரி இல்லை.

தொலைதூரக் கல்வி சரிந்ததுதான் பெரிய அடி என்கிறார். 1979-ல் தொடங்கியது, தமிழ்நாட்டில் எந்த ஊரில் பார்த்தாலும் அண்ணாமலையில் அஞ்சல்வழி டிகிரி வாங்கியவர் ஒருவர் இருப்பார். மே மாதம் ரெகுலர் பசங்க ஊருக்குப் போய்விட்டால் மெஸ்ஸெல்லாம் காய வேண்டும். ஆனால் அதே மே மாதம்தான் பள்ளிக்கூட வாத்தியார்களும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களும் நேர்முக வகுப்புக்கு வந்து இறங்குவார்கள், லாட்ஜ் கிடைக்காது, வீட்டுத் திண்ணைக்கே வாடகை வாங்குவார்கள். "எங்களுக்கு மே மாசம் தீபாவளி தம்பி, அம்மா அந்த ஒரு மாசத்துல வருஷ வாடகைய எடுத்துரும்" என்றார். பிறகு அங்கீகாரச் சிக்கல்கள், 2022-ல் யு.ஜி.சி.யே அனுமதியில்லாத படிப்புகள் என்று அறிவிப்பு விட்டது. விதி விதிதான். டெல்லியில் ஒரு சுற்றறிக்கை வந்தால் மாரியப்பா நகரில் மே மாதம் அடுப்பு அணைகிறது என்பதும் நடக்கத்தான் செய்கிறது. இப்போது மே, ஜூன் இரண்டு மாதமும் மெஸ் மூடல். கார்டு வாங்குபவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், வகுப்பு நீண்டால் அந்த மாதங்களுக்கு வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும்.

நஷ்டக் கணக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2021-ல் சுகாதாரத் துறை எடுத்துக்கொண்டு கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கியது, மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கென்று அக்கா விடியற்காலை ஐந்தரைக்கே இட்லிப் பொட்டலம் கட்டுகிறார், நாலு இட்லி 30 ரூபாய். படியேறி வர முடியாதவர்களுக்கு ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு விற்கிறார்கள். மெஸ்ஸுக்கு இப்போது அதுதான் இரண்டாவது கால் என்று சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம் பார்த்தால், நான் படித்தபோது வயலாக இருந்த இடமெல்லாம் கல் நட்டு மனையாகிவிட்டது, சின்ன அறைக்கும் வாடகை ஏறியிருக்கிறது. அக்காவிடம் வேலை செய்யும் பெண்களில் ஒருவர், முன்பு நடந்தே வருவாராம், இப்போது வாடகை தாங்காமல் உள்ளே தள்ளிப் போய் பஸ்ஸில் வருகிறார்.

சரி, குறைகள். கை கழுவும் தொட்டியில் ஒரே குழாய், அதுவும் சொட்டு. தரை வழுக்கல், அண்ணன் மகள் ஒருமுறை சறுக்கி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பெண்களுக்கென்று தனி இடம் இல்லை, ஆனால் சுவரோர மேஜை எழுதப்படாத சட்டப்படி அவர்களுக்குத்தான், யாரும் உட்காருவதில்லை. பாத்ரூம் பக்கம் போகாதீர்கள். ஜிபே உண்டு, ஆனால் சிக்னல் மாடியில் வராது, கீழே இறங்கிப் போட்டுவிட்டு மேலே வந்து காட்ட வேண்டும். கார்டு தொலைந்தால் கவலை இல்லை, எல்லாம் நோட்டில் இருக்கிறது. சாப்பிடாத வேளைக்கு முதல்நாளே சொன்னால் கழித்துக்கொள்கிறார்கள், சொல்லாவிட்டால் போனதுதான்.

அண்ணன் மகள் தங்கப்போகும் லேடீஸ் ஹாஸ்டலில் சாப்பாடு கிடையாது, அதனால் ஒரு மாதத்துக்கு மட்டும் கார்டு போட்டோம், பிடித்தால் நீட்டிக்கலாம் என்று. அக்கா நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பேர், ஊர், டிபார்ட்மென்ட் எழுதிவிட்டு, பக்கத்தில் ஏதோ குறி போட்டார். என்ன என்று எட்டிப் பார்த்தேன். "முதல் வருஷம்னு அர்த்தம் தம்பி. முதல் ரெண்டு வாரம் சரியா சாப்பிடாதுங்க, வீட்டு ஞாபகம். பாத்துக்கணும்ல" என்றார்.

நேற்று போனில் பேசினாள். ரசம் இன்னும் வெந்நீர்தானாம். கொத்சு அன்றைக்கு எட்டரைக்கே தீர்ந்துவிடுகிறது, எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.