பத்தாவது வரிசைக்குத் தெரியாத இஸ்பேட் ராஜா

"தம்பி, கையில என்னப்பா வச்சிருக்க?"

என் முதல் மேஜிக் ஷோவுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் இதுதான். எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழா, எண்பது நாற்காலி, கடைசி வரிசையில் ஒரு பாட்டி. நான் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது இஸ்பேட் ராஜா. எட்டு மாதம் புத்தகத்தைப் பார்த்துப் பழகிய வித்தை. முன் வரிசைப் பையன்கள் நான்கு பேர் கைதட்டினார்கள். மற்றவர்களுக்கு ஏதோ சின்ன அட்டை தெரிந்தது, அவ்வளவுதான். சரி, அடுத்ததில் பிடித்துவிடலாம் என்று ஓர் அக்காவை மேடைக்கு அழைத்து, ஒரு சீட்டை எடுத்து நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் "உங்க சீட்டு என்னக்கா?" என்று கேட்டால், "செகப்பா ஒண்ணு" என்றார். அவர் மேல் தப்பில்லை. சீட்டு என்றாலே சூதாட்டம் என்று நினைக்கும் வீட்டில் வளர்ந்தவர். ஆட்டின் எது, டைமன் எது என்று அவருக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்?

அன்றைக்குப் பிறகு "மேஜிக் கத்துக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: உங்களைப் பார்ப்பவர் எத்தனை அடி தள்ளி உட்கார்ந்திருப்பார்? புத்தகங்களை எழுத்தின் தரத்தை வைத்து ஒப்பிட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். தூரத்தை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

நான் தொடங்கியது 'தி ராயல் ரோடு டு கார்டு மேஜிக்'. ஜீன் ஹியூகார்டும் ஃபிரெடரிக் பிராவேயும் சேர்ந்து எழுதி, 1948-இல் வந்தது. சீட்டு வித்தைக்கு இதைவிட ஒழுங்கான பாடப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஒரு அத்தியாயத்தில் ஒரே ஒரு கைவேலை. அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தக் கைவேலையை மட்டும் வைத்துச் செய்யக்கூடிய வித்தைகளை அடுத்தடுத்துக் கொடுப்பார்கள். முதல் அத்தியாயமே சீட்டைக் கலைப்பது. கலைப்பதைப் போய் யாராவது படிப்பார்களா என்று தோன்றும். ஆனால் ஒரு சீட்டை யாருக்கும் தெரியாமல் மேலேயே வைத்துக்கொண்டு கலைக்கத் தெரிந்துவிட்டால், அன்றைக்கே வீட்டில் ஆளைப் பிடித்து உட்கார வைத்து ஒரு வித்தை செய்துவிடலாம். இரண்டு சீட்டை ஒன்றுபோல எடுத்துக் காட்டும் 'டபுள் லிஃப்ட்' பல அத்தியாயம் தாண்டித்தான் வருகிறது. இன்றைக்கு வீடியோ பார்த்துக் கற்கும் பையன்கள் முதல் நாளே அதில்தான் கை வைக்கிறார்கள். சீட்டைப் பிடிக்கும் கை இன்னும் பழகாததால் நடுங்கும். பார்ப்பவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரியாவிட்டாலும், ஏதோ செய்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அந்தப் புத்தகத்தில் 'இந்து ஷஃபிள்' என்றும் ஒரு அத்தியாயம் உண்டு. பெயரைப் பார்த்துப் பெரிய ரகசியம் என்று ஆவலாகத் திருப்பினேன். சீட்டுக்கட்டை ஒரு கையில் பிடித்து, கொத்துக் கொத்தாக உருவி மறு கையில் போடுவது. கல்யாண மண்டபத்தில் ரம்மி ஆடும் மாமாக்கள் எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் கலைக்கிறார்கள்! அமெரிக்கர் படித்துப் பழக வேண்டிய ஒன்று நமக்குப் பிறவியிலேயே கையில் இருக்கிறது. அதனால் நம் ஊரில் இதைச் செய்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அவர்கள் ஊரில் இயல்பாகத் தெரியும், கட்டை இரண்டாகப் பிரித்து முனைகளை ஒன்றுக்குள் ஒன்று சரியவிடும் கலைப்பை இங்கே செய்தால்தான் "ஓ, இவன் கை தேர்ந்தவன்" என்று எச்சரிக்கை ஆகிவிடுவார்கள். ஒரு தொழில்நுட்பம் எந்த ஊரில் இயல்பு என்பதைப் புத்தகம் சொல்லாது. நாமே பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

நேர்மையாகச் சொன்னால், இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மேடைக்கான சீட்டு வித்தைகள் என்று தனி அத்தியாயமே இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு முன்னால் நான் அதுவரை போகவில்லை.

இதற்கு நேர் எதிர் குணம் மார்க் வில்சனின் மேஜிக் பாடப் புத்தகம். 1975-இல் வந்தது. வில்சன் தொலைக்காட்சி மேஜிக்காரர். 1960-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'மேஜிக் லேண்ட் ஆஃப் அல்லகசாம்' என்று வாராவாரம் நிகழ்ச்சி நடத்தியவர். கேமரா எதைப் பார்க்கிறது என்று யோசித்துப் பழகிய மனிதர் என்பதால் புத்தகமும் படங்களாலேயே நகர்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள். ஒவ்வொரு வித்தைக்கும் பார்வையாளர் என்ன பார்க்கிறார், ரகசியமும் முன்தயாரிப்பும் என்ன, எப்படிச் செய்வது, கடைசியில் சில யோசனைகள் என்று ஒரே வரிசை. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிப்பவர்கூடப் படத்தைப் பார்த்தே பாதி கற்றுவிடலாம். சீட்டு, காசு, கயிறு, கைக்குட்டை, பஞ்சுப் பந்து, கிண்ணமும் பந்தும், பெரிய பெட்டி வித்தைகள் வரை எல்லாம் இருக்கிறது.

பிரச்சினையும் அதுதான். கல்யாண இலை மாதிரி. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் பிசைந்துவிட்டு, வயிறு நிறையாமல் எழுந்துவிடுவோம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதிலிருந்து முப்பது வித்தை தெரியும். ஒன்றைக்கூட ஆள் முன்னால் செய்ததில்லை. ராயல் ரோடு வாத்தியார் மாதிரி கையைப் பிடித்து வரிசையாக நடத்துகிறது. வில்சன் கடைக்காரர் மாதிரி எல்லாவற்றையும் பரப்பி வைக்கிறார். எது வேண்டும் என்று தெரிந்து கடைக்குப் போகிறவருக்குத்தான் லாபம்.

ஆனாலும் மேடைக்கு என்று கேட்டால் என் ஓட்டு வில்சனுக்கே. காரணம் கயிறு. வெட்டிய கயிறு ஒட்டிக்கொள்ளும் வித்தை பத்தாவது வரிசைக்கும் தெரியும், மொழி தேவையில்லை, இஸ்பேட், ஆட்டின் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். விரல் தடிமனில் வெள்ளைப் பருத்திக் கயிறு வாங்கி, உள்ளே இருக்கும் நூல்தண்டை உருவிவிட்டால் கயிறு தொய்வாக, சொன்னபடி கேட்கும். துணி காயப் போடும் நைலான் கொடிக்கயிறு வேண்டாம். முடிச்சு வழுக்கிவிடும், வெட்டினால் முனையும் பிரியும். முதல் ஷோவில் வைக்கக் கூடாதது எதுவோ அதெல்லாம் அதில் இருக்கிறது.

கிண்ணமும் பந்தும் பற்றி ஒரு வார்த்தை. செப்படி வித்தை என்று நாம் சொல்லும் சொல்லிலேயே செப்பு என்ற சின்னக் கிண்ணம் உட்கார்ந்திருக்கிறது. நம் தெருவோர வித்தைக்காரரின் செப்புகளுக்கு உச்சியில் ஒரு குமிழ் இருக்கும். அதை விரலிடுக்கில் பிடித்து, தரையில் குந்திக்கொண்டு ஆடுவார். மேல்நாட்டுப் புத்தகங்கள் கற்றுத்தருவது மேஜை மேல் நின்றபடி ஆடும் பெரிய கிண்ணம், கோட்டுப் பாக்கெட்டோடு சேர்ந்தது. இரண்டும் ஒரே வித்தைதான். ஆனால் கைவேலை வேறு. புத்தகத்தைப் படித்துவிட்டு நம் ஊர்ச் செப்பை வாங்கினால் பாதிப் பாடம் பொருந்தாது.

பாக்கெட் என்றதும் இன்னொன்று. 1876-இல் பேராசிரியர் ஹாஃப்மன் என்ற புனைபெயரில் ஏஞ்சலோ லூயிஸ் என்ற வழக்கறிஞர் 'மாடர்ன் மேஜிக்' எழுதினார். தொழில்காரர்கள் பொத்திவைத்ததை ஆங்கிலத்தில் விரிவாகப் போட்டு உடைத்த புத்தகம். காப்புரிமை முடிந்துவிட்டதால் இலவசமாகவே கிடைக்கிறது. படிக்க அவ்வளவு சுவாரசியம். செய்ய முடியாது. வால் கோட்டின் உள்ளே எங்கெங்கே ரகசியப் பை தைக்க வேண்டும் என்று தொடங்குகிறார். நான் ஷோவுக்குப் போவது அரைக்கைச் சட்டையில்.

எர்ட்னேஸ் என்ற பெயரில் 1902-இல் சிகாகோவில் வந்த 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்டு டேபிள்' பற்றியும் கேட்பீர்கள். மேஜிக் உலகத்தின் வேதம் என்பார்கள். எழுதியவர் யார் என்று இன்று வரை சண்டை நடக்கிறது. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் இ.எஸ். ஆண்ட்ரூஸ் என்று வருவதை வைத்துப் பலரைத் தேடிப் பார்த்துவிட்டார்கள். புத்தகத்தின் முதல் பாதி சூதாட்ட மேஜையில் ஏமாற்றுவது எப்படி என்பது. பணம் தேவைப்பட்டதால் எழுதுகிறேன் என்று ஆசிரியரே முன்னுரையில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். சீட்டு வித்தை மேதை டாய் வெர்னன் சின்ன வயதில் இதைக் கரைத்துக் குடித்துத்தான் பெரிய ஆளானார். ஆனால் தொடக்கக்காரர் இதை வாங்கினால் பத்துப் பக்கத்தில் மேஜிக்கையே விட்டுவிடுவார். இதில் தூரம் என்பது ஒரு மேஜையின் அகலம்தான்.

காசு வித்தைக்கு ஜே.பி. போபோவின் 'மாடர்ன் காயின் மேஜிக்', 1952. இதற்குப் போட்டி கிடையாது. சிக்கல் காசின் அளவில். அவர் கையில் வைத்திருப்பது அமெரிக்க அரை டாலர், குறுக்களவு 30.6 மில்லிமீட்டர். நம் 5 ரூபாய் 23 முதல் 25 மில்லிமீட்டர். உள்ளங்கைச் சதையில் இறுக்கிப் பிடிக்க அது போதாது, நழுவி விழும். 10 ரூபாய், 20 ரூபாய் இரண்டும் 27. அதிலும் 20 ரூபாய் பன்னிரண்டு பக்கக் காசு, கையில் உறுத்தும். மாதக்கணக்கில் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய் கிடைத்தது. அளந்து பார்த்தால் முப்பதரை மில்லிமீட்டர். கையில் அப்படியே உட்கார்ந்துகொண்டது! பாட்டி இரண்டு காசு தந்தார். தொலைத்தால் வீட்டுக்கு வராதே என்ற நிபந்தனையோடு.

காசு மேடைக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். அதே புத்தகத்தில் காற்றிலிருந்து காசு பறித்து வாளியில் போடும் வித்தை இருக்கிறது. நெல்சன் டவுன்ஸ் என்பவர் நூறாண்டுக்கும் முன்னால் இதை வைத்தே பெரிய அரங்குகளை நிறைத்தார். காசு கடைசி வரிசைக்குத் தெரியாவிட்டாலும் சத்தம் கேட்கும். எவர்சில்வர் வாளி இதற்கென்றே செய்த மாதிரி.

ஹார்லன் டார்பெல்லின் மேஜிக் பாடங்கள் 1926-இல் தபால் வழிக் கல்வியாகத் தொடங்கி, பின்னால் எட்டுத் தொகுதிகளாக வந்தவை. பெரும்பாலான படங்களையும் அவரே வரைந்தார். மேடைக்கு இதைவிட ஆழமான கிணறு இல்லை. ஆனால் இருபது ஷோவாவது செய்த பிறகு இறங்கினால் போதும்.

நான் கடைசியில் வந்து சேர்ந்தது யாரும் எனக்கு முதலில் சொல்லாத புத்தகத்தில். டோனி கொரிண்டா எழுதிய 'தர்ட்டீன் ஸ்டெப்ஸ் டு மென்டலிசம்'. முதலில் பதின்மூன்று சிற்றேடுகளாக வந்து ஒரே கட்டாக ஆனது. மனதில் நினைத்ததைச் சொல்லும் வித்தைகள். வேண்டிய சாமான் காகிதம், பென்சில், உறை. பார்ப்பவர் தன் பள்ளித் தோழியின் பெயரை நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். "செகப்பா ஒண்ணு" என்ற பேச்சுக்கே இடமில்லை. எண்பது பேருக்கும் ஒரே நேரத்தில் நடக்கும் மேஜிக் இது. கடைசிச் சிற்றேடு முழுக்க மேடையில் என்ன பேசுவது என்பது பற்றி. அதைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும். ஒரு தொல்லை மட்டும் உண்டு. ஷோ முடிந்ததும் யாராவது தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, என் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆகும்னு பாத்துச் சொல்லேன்" என்பார்கள். விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். இது வித்தை என்று அங்கேயே உடைத்துச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் புத்தகத்தோடு புத்தகத்தை ஒப்பிட்டது. வீடியோவில் கற்றால் என்ன என்று கேட்டால், வேகமும் தாளமும் வீடியோவில்தான் தெரியும். "பிறகு சீட்டை மெல்லத் திருப்பவும்" என்ற வரியில் மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல என்பதை நான் மூன்று வாரம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். நான் இடதுகைக்காரன் வேறு. புத்தகத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் புரட்டிப் போட வேண்டும். வீடியோவை ஒரு தட்டில் கண்ணாடி பிம்பமாக்கிவிடலாம். ஆனால் வீடியோவில் கற்றவர்களைப் பாருங்கள். கற்றுக்கொடுத்தவரின் சிரிப்பு, இடைவெளி, "கய்ஸ்" வரை அப்படியே வந்துவிடுகிறது. புத்தகத்தில் குரல் இல்லாததால் நம் குரலைப் போட்டே தீர வேண்டும். 1948-இன் அமெரிக்கப் பேச்சைத் தமிழில் அப்படியே சொல்லிப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். அந்த வெட்கத்தில்தான் நான் என் சொந்தப் பேச்சை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே வரிசை இப்படி: வில்சனில் ஒரே ஒரு கயிறு வித்தை, கொரிண்டாவில் ஒரே ஒரு உறை வித்தை, இரண்டையும் ஐந்து பேர் முன்னால். வீட்டுக்கு வரும் விருந்தினர்களுக்கு மட்டும் என்றால் ராயல் ரோடு, முதல் பக்கத்திலிருந்து, தாவாமல். வீடியோவைச் செய்து பழகிய பிறகு, வேகம் சரிதானா என்று பார்க்க மட்டும்.

கண்ணாடி முன் பழகு என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். ரகசிய வேலை நடக்கும் அந்த நொடியில் நம்மை அறியாமல் கண் சிமிட்டிவிடுவோம். தப்பு நம் கண்ணுக்கே தெரியாது. எனக்கு இரண்டு வருடம் தெரியவில்லை. போனை பத்தாவது வரிசை உயரத்துக்கு அலமாரியில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தபோதுதான், கயிறை மாற்றும் ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடித் திறப்பது தெரிந்தது. கயிறு பரவாயில்லை. கண்தான் இன்னும் சரியாகவில்லை.